நாற்பது முகூர்த்தம், நானூறு கேபி

கோவை போத்தனூரில் இரண்டு கேமராமேன், ஒரு எடிட்டர், ஆல்பம் டிசைனுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று நடக்கும் ஸ்டுடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் இந்து வீடுகளில் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. மிச்சமுள்ள ஒன்பது மாதத்திலும் நல்ல முகூர்த்தங்கள் ஒரே நாளில் வந்து குவியும். ஒரே ஆள் இரண்டு மண்டபத்தில் நிற்க முடியாது. சீர், முகூர்த்தம், வரவேற்பு என்று ஒரு கல்யாணம் இரண்டு நாளை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு படத் தேர்வு, கலர் திருத்தம், ஆல்பம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஆண்டுக்கு 40 கல்யாணம் கிடைத்தால் அந்த ஸ்டுடியோவுக்குக் கைநிறைய வேலை.

2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,045. அதில் வேண்டியது 40 குடும்பம். விசாரிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் அட்வான்ஸ் கொடுக்கிறார் என்று வைத்தால், ஆண்டுக்கு 200 விசாரிப்பு, வாரத்துக்கு நான்கு. இந்தக் கட்டுரை முழுவதும் வரும் 40, 200 போன்ற எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணை அதே இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டல் முறை மாறாது.

வாரத்துக்கு நான்கு போன் வரவேண்டிய தொழிலுக்கு ஐம்பதாயிரம் ஃபாலோயர் எதற்கு என்று நான் பல ஸ்டுடியோக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் இரண்டு லட்சம் பார்வை போனதாகச் சொல்வார்கள். அதில் எத்தனை பேர் தேதி கேட்டார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஸ்டுடியோவின் இணையக் கணக்கில் நான் முதலில் பார்க்கும் எண் ஒன்றுதான்: ஒரு புக்கிங் வந்து சேர எவ்வளவு செலவானது. டிசைன், போட்டோவின் எடை, தமிழ் எழுத்து, விளம்பரம், பதில் சொல்லும் வேகம் எல்லாம் அந்த எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிற வரிகள்.

முதலில் சொந்த முகவரிக்கு ஆகும் செலவு. இந்தியாவின் 'டாட் இன்' முகவரிகள் 2005-லிருந்து எல்லோருக்கும் கிடைக்கின்றன. நிக்சி என்ற அமைப்பு அவற்றை நிர்வகிக்கிறது. ஓர் ஆண்டுச் செலவை இப்படி எழுதலாம்:

டொமைன் – ரூ. 800
ஹோஸ்டிங், மாதம் 300 வீதம் – ரூ. 3,600
இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி – ரூ. 792
தளம் கட்டிய கூலி ரூ. 25,000, மூன்று ஆண்டாகப் பிரித்து – ரூ. 8,333
மொத்தம் – ரூ. 13,525
40 புக்கிங்கில் ஒன்றுக்கு – ரூ. 338

ஒரு கல்யாணத்துக்கு 338 ரூபாய். மண்டபத்துக்குப் போய்வரும் பெட்ரோல் செலவே சில சமயம் இதைத் தாண்டும். இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஹோஸ்டிங் கம்பெனிகள் முதலாண்டுக்குத் தள்ளுபடி விலை சொல்லும், புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காகும். ஆகவே நோட்டில் எழுத வேண்டியது புதுப்பிக்கும் விலை. அடுத்தது இதைவிட முக்கியம். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் பதிவாக வேண்டும். தளம் கட்டிக் கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டு, பிறகு ஊரை விட்டோ தொழிலை விட்டோ போய்விட்டால், பத்து வருஷம் பழகிய முகவரியை மீட்பது பெரும்பாடு. 800 ரூபாய்ச் சமாசாரம் என்று அதை அடுத்தவர் கையில் விடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் இலவசமாக இருக்கும்போது சொந்தத் தளம் எதற்கு என்ற கேள்விக்கு நான்கு தேதிகளைச் சொல்லலாம். ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-ல் போனது. டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு 2020 ஜூன் 29-ல் தடை செய்தது. கூகுள் தன் வணிகப் பக்கத்தோடு சேர்த்துக் கொடுத்த இலவச வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்தியது. பத்தாண்டுக்குள் நான்கு வாடகை வீடு கைவிட்டுப் போயிருக்கிறது. இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணப் பெண்கள் முதலில் பார்ப்பது அங்கேதான். ஆனால் அங்கே வந்தவரை அழைத்துவர உங்களுக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து இன்ஸ்டாகிராம் அறிமுகப் பகுதியில் ஐந்து இணைப்பு வரை கொடுக்கலாம். முதல் இணைப்பு சொந்தத் தளமாகவும் இரண்டாவது வாட்ஸாப்பாகவும் இருக்கட்டும்.

அடுத்தது போட்டோவின் எடை. பெரும்பாலான ஸ்டுடியோத் தளங்கள் தோற்பது இதில்தான்.

24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000-க்கு 4000 புள்ளி, மொத்தம் 2 கோடியே 40 லட்சம். அந்த ஜேபெக் கோப்பு 8 முதல் 12 எம்பி வரும். 9 என்று வைப்போம். பார்க்கப்போகிறவர் கையில் இருக்கும் போனின் அகலம் பெரும்பாலும் 1080 புள்ளி. படத்தை முழு அகலத்துக்குக் காட்டினால் திரையில் தெரிவது 1080-க்கு 720, அதாவது 7,77,600 புள்ளி. அனுப்பியதில் நூற்றுக்கு 3.24 பங்குதான் கண்ணில் படுகிறது. மிச்சம் ஏறத்தாழ 97 பங்கை வாடிக்கையாளரின் போன் இறக்கி, சுருக்கி, தூக்கி எறிகிறது.

முதல் பக்கத்திலேயே 30 படத்தை அப்படியே ஏற்றி வைத்தால் 270 எம்பி. தளத்தின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி, சுமாரான 4ஜி இணைப்பு என்று விநாடிக்கு 1.6 மெகாபிட்டை அளவாக வைத்திருக்கிறது. அது விநாடிக்கு 200 கேபி. அந்த வேகத்தில் 270 எம்பி இறங்க 1,350 விநாடி, 22 நிமிடத்துக்கு மேல். அதே படங்களை 1600 புள்ளி அகலத்துக்குச் சுருக்கி, தரத்தை எண்பதுக்குக் கொஞ்சம் கீழே வைத்துச் சேமித்தால் ஒன்று 200 கேபி அளவில் நிற்கும். 30 படம் 6 எம்பி, 30 விநாடி. அதுவும் அதிகம்தான். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் திரையில் தெரிவது இரண்டு படம். மற்றவை விரல் கீழே தள்ளத் தள்ள வந்தால் போதும். லேசி லோடிங் என்ற இந்த வசதியை 2019-லிருந்து க்ரோம் தானாகவே ஆதரிக்கிறது. வேர்ட்பிரஸ் தளமென்றால் நீங்கள் எதுவும் செய்யாமலே நடக்கும். அப்போது முதல் திரைக்கு வேண்டியது 400 கேபி, இரண்டு விநாடி.

இந்த இரண்டு விநாடிக்கு ஏன் இவ்வளவு பாடு? மூன்று விநாடிக்கு மேல் காக்க வைத்தால் போனில் வருபவர்களில் 53 சதவீதம் பேர் விலகிவிடுகிறார்கள் என்று கூகுள் 2016-ல் வெளியிட்டது. பக்கத்தின் பெரிய படம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது இன்றும் கூகுளின் அளவுகோல். 200 விசாரிப்பு வேண்டிய ஸ்டுடியோ, கதவைத் தட்டியவர்களில் பாதிப்பேரை வாசலிலேயே இழந்துவிட்டு விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறது. ஜேபெக்கை வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் எடை இன்னும் கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை குறையும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. மாற்றித்தரும் கருவிகள் இலவசம்.

தானாக ஓடும் வீடியோ, திறந்தவுடன் ஒலிக்கும் நாதஸ்வரம், 'லோடிங்' என்று சுற்றும் லோகோ மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஸ்டுடியோ உரிமையாளருக்கு அவை அழகு. பேருந்தில் உட்கார்ந்து பார்க்கும் மாப்பிள்ளையின் அக்காவுக்கு அவை தொல்லை.

எடை குறைந்தால் போதாது, எண்ணிக்கையும் குறைய வேண்டும். ஒரு கல்யாணத்தில் 3,000 கிளிக் சாதாரணம். ரா கோப்பு 25 எம்பி என்றால் 75 ஜிபி. ஆண்டுக்கு 40 கல்யாணம் 3 டிபி, இரண்டு பிரதி வைத்தால் 6 டிபி. இவ்வளவிலிருந்து தளத்துக்குப் போக வேண்டியது கல்யாணத்துக்கு 12 படம், ஆயிரத்தில் நான்கு. நூறு படம் போட்டால் அதில் எண்பது மற்ற இருபதின் மதிப்பைக் கெடுக்கும். தேர்ந்தெடுப்பது வலிக்கும் வேலை என்பதை அறிவேன். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்ற கால்வலி இருக்கிறது. ஆனாலும் பார்ப்பவர் அந்தக் கால்வலியைப் பார்ப்பதில்லை.

கேமரா கொடுத்த 'டிஎஸ்சி_0457' என்ற கோப்புப் பெயரோடு படத்தை ஏற்றாதீர்கள். அந்தப் பெயரில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான படம் கிடக்கிறது. இணைச்சீர் செய்யும் படமென்றால் 'இணைச்சீர்-கொங்கு-திருமணம்-போத்தனூர்' என்று பெயர் வையுங்கள். படத்துக்கான மாற்று வாசகப் பகுதியில் ஒரு வரி எழுதுங்கள்: அக்கா தங்கை முறையில் யார் சீர் செய்கிறார், எந்தச் சடங்கு, எந்த ஊர். கண் தெரியாதவரின் திரை வாசிப்பானும் அதைத்தான் வாசிக்கும், கூகுளும் அதைத்தான் வாசிக்கும்.

இங்கேதான் போத்தனூருக்கு ஒரு வசதி இருக்கிறது. இது ரயில்வே ஊர். சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன தண்டவாளம் 1860-களின் தொடக்கத்திலேயே இங்கே வந்துவிட்டது. கோயம்புத்தூருக்குள் ரயில் போனது 1873-ல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பிரிந்த கிளையில்தான். அன்றிலிருந்து பல ஊர்க்காரர்கள் வேலைக்காக வந்து தங்கிய இடம். கொங்கு வீட்டுக் கல்யாணமும் நிக்காஹ்வும் தேவாலயத் திருமணமும் மலையாளிக் கல்யாணமும் ஒரே ஸ்டுடியோவுக்கு ஒரே மாதத்தில் வரும். ஆனால் தளத்தில் பார்த்தால் 'வெட்டிங்' என்று ஒரே பக்கம், அதில் எல்லாம் கலந்து கிடக்கும். மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கும் தாய் தேடுவது நிக்காஹ் படங்களை. பட்டினி சாதமும் மங்கல வாழ்த்தும் எப்போது நடக்கும், கேமரா எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்த ஆளைத்தான் கொங்குக் குடும்பம் தேடுகிறது. நான்கு சடங்குமுறைக்கு நான்கு பக்கம், பக்கத்துக்கு 12 படம், 250 வார்த்தை தமிழில். செலவு, உட்கார்ந்து எழுதும் இரண்டு மாலை.

அந்த 250 வார்த்தையின் எடையையும் பார்த்துவிடுவோம். 'போத்தனூர்' என்பது யூனிகோடில் 9 குறியீடு, குறியீட்டுக்கு 3 பைட், ஆக 27 பைட். அந்தக் கணக்கில் 250 வார்த்தைக்கு ஏறத்தாழ 7 கேபி. 200 கேபி படம் ஒன்றின் எடையில் இதுபோல 28 பக்கம் எழுதிவிடலாம். இணையத்தில் தமிழ் எழுத்தைப்போல மலிவான சரக்கு வேறில்லை. ஆனாலும் பல ஸ்டுடியோக்கள் அந்த எழுத்தையும் படமாக்கி ஏற்றுகின்றன. காரணம் ஃபோட்டோஷாப்பில் பழகிய பாமினி, வானவில் எழுத்துருக்கள். பாமினியில் அடித்த 'திருமணம்' திரையில் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்களின் குவியல். அதனால் தளத்தில் ஒட்ட முடியாமல் படமாக்குகிறார்கள். படமான வார்த்தையைத் தேடலில் நம்பி இருக்க முடியாது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதம், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஃபிளெக்ஸுக்கும் ஆல்பம் அட்டைக்கும் பழைய எழுத்துரு இருந்துவிட்டுப் போகட்டும், தளத்தில் யூனிகோடு மட்டும்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதிலும் ஒரு சங்கடம். சிலர் டகர ஒலிக்குரிய எழுத்தைப் போடுகிறார்கள், சிலர் தகர ஒலிக்குரியதை. தகரம் போட்டுத் தேடினால் நாமக்கல் மாவட்டத்துப் பொத்தனூரும் வந்து நிற்கும். ஆகவே இரண்டு எழுத்துக்கூட்டலும் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும். கூடவே கோயம்புத்தூர், 641023 என்ற பின்கோடு, சுந்தராபுரம், ஈச்சனாரி, வெள்ளலூர், குனியமுத்தூர் என்று நீங்கள் உண்மையில் வேலைக்குப் போகும் இடங்கள்.

கூகுள் மேப்பில் வரும் வணிகப் பக்கத்துக்குக் கட்டணம் பூஜ்யம். உள்ளூர்த் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று காரணங்களைச் சொல்கிறது: தேடியதோடு பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடையின் பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. இரண்டாவது காரணத்தைப் பாருங்கள். ஆர்.எஸ்.புரத்து ஸ்டுடியோ எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஈச்சனாரியில் நின்று தேடுபவருக்குப் போத்தனூர்தான் பக்கம். காந்திபுரத்தோடும் ஆர்.எஸ்.புரத்தோடும் மோதி 'கோயம்புத்தூர்' என்ற சொல்லில் முதலிடம் பிடிக்கக் காசு கொட்ட வேண்டியதில்லை. ஆறேழு கிலோமீட்டர் சுற்றளவில் முதலிடம் பிடியுங்கள். 40 குடும்பத்துக்கு அது ஏறக்குறைய போதும்.

விமர்சனங்களை வேலை முடிந்த பிறகு கேட்டு வாங்குங்கள். ஆல்பம் கையில் கொடுத்து, வீட்டார் புரட்டிப் பார்த்துச் சந்தோஷப்படும் நாள்தான் அதற்கு நாள். 40 கல்யாணத்தில் 15 குடும்பம் எழுதினாலும் இரண்டாண்டில் 30. காசு கொடுத்து நட்சத்திரம் வாங்குவது கூகுள் விதிப்படி குற்றம், கண்டுபிடித்தால் அழித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் ஒரே வாரத்தில் விழுந்த இருபது ஐந்து-நட்சத்திரத்தைக் கொங்குப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள்.

இனி விளம்பரம். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவுக்கு மாதம் 6,000 ரூபாய் கட்டினால் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 7,080. அதில் 24 பேர் வாட்ஸாப்பில் வந்து தேதி கேட்டால் ஒரு விசாரிப்புக்கு 295 ரூபாய். அதில் நான்கு பேர் அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு புக்கிங்குக்கு 1,770. 60,000 ரூபாய்க் கல்யாணத்துக்கு 1,770 என்பது 2.95 சதவீதம், தாங்கும். அதே 7,080-க்கு ஒரே ஒரு புக்கிங் வந்தால் 11.8 சதவீதம், தாங்காது. இந்த வகுத்தலைச் செய்யாமல் 'பூஸ்ட்' பொத்தானை அமுக்குகிறவர்கள்தான் அதிகம். பூஸ்ட் செய்தால் லைக் குவியும். லைக்கை எந்த வரியில் எழுதி எதால் வகுப்பது?

விளம்பரத்தில் பணம் வீணாகும் பெரிய ஓட்டை, சுற்றளவு. மெட்டாவில் ஓர் இடத்தைக் குறித்து அதைச் சுற்றி 80 கிலோமீட்டர் வரை வட்டம் போடலாம். 10 கிலோமீட்டர் வட்டத்தின் பரப்பு 314 சதுர கிலோமீட்டர். 80 கிலோமீட்டர் வட்டம் 20,106, அதாவது 64 மடங்கு. கோவை மாவட்டமே 4,723 சதுர கிலோமீட்டர்தான். அந்தப் பெரிய வட்டத்துக்குள் பாலக்காடு, திருப்பூர், உடுமலை, ஊட்டி எல்லாம் வந்துவிடும். 6,000 ரூபாயை அவ்வளவு பரப்பில் தூவினால் எங்கும் ஈரம் தெரியாது. போத்தனூரைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஒரு வட்டம், பெண் எடுக்கும் கொடுக்கும் ஊரென்று பொள்ளாச்சியில் 10 கிலோமீட்டர் இன்னொரு வட்டம் என்று போட்டுப் பாருங்கள்.

விளம்பரம் இல்லாமலே ஒரு வேலையைப் பல இடத்தில் விற்க முடியும். கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோவை நடத்திய எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் 'மலைக்கள்ளன்' எடுத்தார். அதே கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், சிங்களத்திலும், இந்தியில் 1955-ல் 'ஆசாத்' என்றும் வந்தது. ஒரு கதை, ஆறு மொழிச் சந்தை. ஒரு கல்யாணத்தையும் அப்படிப் பிரிக்கலாம்: தளத்தில் 12 படமும் 250 வார்த்தையும், இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல், கூகுள் மேப்பில் 5 படம், வாட்ஸாப் ஸ்டேட்டஸில் 3, வீட்டாரிடமிருந்து ஒரு விமர்சனம். எடிட்டருக்கு அரைநாள் வேலை. 40 கல்யாணத்தையும் இப்படிச் செய்ய முடியாது. மாதம் ஒன்று என்று வருஷத்துக்கு 12 செய்தால் தளத்தில் 144 படமும் 3,000 வார்த்தையும் சேர்ந்திருக்கும்.

விசாரிப்பு வந்தபின் நடப்பதை அருகில் நின்று பார்ப்போம். வாட்ஸாப்பில் வரும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "வணக்கமுங்க, தை 15 முகூர்த்தம். போட்டோ வீடியோ ரெண்டும் எவ்வளவு ஆகுங்க?" இதற்கு 'கால் பண்ணுங்க' என்று பதில் போட்டால் அவர் அடுத்த ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார், ஏனென்றால் அதே செய்தியை இன்னும் மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறார். "வணக்கமுங்க. தை 15 காலியா இருக்குதுங்க. போட்டோ, வீடியோ, ஆல்பம் சேர்த்து 60,000-லிருந்து ஆரம்பிக்குதுங்க. மண்டபம் எந்த ஊருங்க? சீர் முதல் நாளே உண்டுங்களா?" என்று போனால் பேச்சு தொடரும். தேதி காலியா என்பதும் தொடக்க விலையும் முதல் பதிலிலேயே வந்துவிட வேண்டும். தளத்திலும் தொடக்க விலை இருக்கட்டும். விலையை மறைத்தால் 200 விசாரிப்பில் பாதி, உங்கள் விலைக்கு வரவே முடியாதவர்களோடு பேசிக் கழியும்.

2018 ஜனவரியில் வந்த வாட்ஸாப் பிசினஸ் செயலியில் 50 உடனடிப் பதில்களைச் சேமிக்கலாம், 20 லேபிள் ஒட்டலாம். 'விசாரித்தார்', 'விலை சொன்னேன்', 'அட்வான்ஸ் வந்தது', 'வேறிடம் போனார்' என்று நான்கு லேபிள் போதும். மாதக் கடைசியில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணினால் அதுவே பேரேடு. "எங்களை எப்படித் தெரியுமுங்க?" என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு எந்த மென்பொருளை வாங்கினாலும் வகுப்பதற்கு எண் இருக்காது.

பணம் வாங்கும் வழியிலும் ஒரு தொகை ஒளிந்திருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. தளத்தில் பேமென்ட் கேட்வே வைத்தால் வழக்கமான கட்டணம் 2%, அதன்மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 2.36%. அட்வான்ஸ் 20,000 வீதம் 40 பேரிடம் வாங்கினால் 8 லட்சம். கேட்வே வழியாக வந்தால் 18,880 ரூபாய் போய்விடும். தளத்தின் முழு ஆண்டுச் செலவு 13,525 என்று மேலே எழுதினோம், அதைவிட அதிகம். க்யூஆர் அட்டையும் யுபிஐ இணைப்பும் போதும். வெளிநாட்டில் இருக்கும் மகன் கட்டுகிறார் என்றால் மட்டும் கேட்வேயைப் பற்றி யோசிக்கலாம்.

40 கல்யாணம், 60,000 வீதம், 24 லட்சம். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். ஆக நிறைய வேலை கிடைக்கும் ஸ்டுடியோ வரம்பைத் தாண்டிவிடுகிறது. சாதாரணப் பதிவென்றால் 18% சேர்த்து 60,000 ரூபாய் வேலை குடும்பத்துக்கு 70,800 ஆகும். அப்போது தளத்தில் எழுதிய விலை வரியோடா வரியில்லாமலா என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் விளம்பரத்துக்குக் கட்டிய 1,080 ரூபாய் வரியைக் கழித்துக்கொள்ளலாம், விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்திருந்தால். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான 6% திட்டத்தில் சேர்ந்தால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. கல்யாண வேலை மட்டும் செய்பவருக்கு இது ஒத்துவரலாம். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்ப், வெட் கிரைண்டர் கேட்டலாக் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோவுக்கு ஒத்துவராது. அந்தக் கம்பெனிகள் நீங்கள் போடும் வரியைத் தாங்கள் கழித்துக்கொள்ளப் பார்ப்பவர்கள், வரி இல்லாத பில் அவர்களுக்கு உதவாது. இதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்த பிறகு தளத்தில் விலை எழுதுங்கள்.

சிட்கோ வேலைக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் கொள்முதல் மேலாளர் மணமேடைப் படத்தைத் தாண்டிக் கீழே வர மாட்டார். அவருக்கு வேண்டியது வெள்ளைப் பின்னணியில் ஒரு மோட்டார், ஒரு பொருளுக்கு என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்ற மூன்றும். ஒரு கம்பெனி வந்தால் ஆண்டு முழுக்க வேலை வரும், ஆடியிலும்கூட.

படங்களைத் தளத்தில் போடும் உரிமை பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் அவர்தான். 'நான் எடுத்த படம், என் பக்கத்தில் போட்டேன்' என்ற வாதம் அங்கே நிற்காது. ஆகவே அட்வான்ஸ் ரசீதிலேயே ஒரு வரி: 'இந்தக் கல்யாணத்தின் படங்களில் 12 வரை ஸ்டுடியோ தன் வெப்சைட்டிலும் சமூக ஊடகங்களிலும் வெளியிடச் சம்மதம்', பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம், கீழே கையெழுத்து. இல்லை என்று டிக் அடிப்பவரை வற்புறுத்த வேண்டாம். வருஷத்துக்கு 12 கல்யாணம்தானே வெளியிடப்போகிறோம், 40-ல் 28 பேர் வேண்டாம் என்றாலும் கணக்கு இடிக்காது. குழந்தைகளின் நெருக்கமான படத்துக்குத் தாய்தகப்பனிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் எப்போது செய்வது? ஜூலை நடுவில் ஆடி பிறக்கும். கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுக்கும் அதே நாளில் தொடங்கலாம். முதல் வாரம் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து மாற்றுவதும், பழைய படங்களை 1600 புள்ளிக்குச் சுருக்குவதும். இரண்டாம் வாரம் சடங்குமுறைக்கு ஒரு பக்கமாக நான்கு பக்கம். மூன்றாவதில் கூகுள் மேப், விலை, வாட்ஸாப் பதில்கள். கடைசி வாரம், உங்கள் தளத்தை உங்கள் போனில் பார்க்காமல் கடைப் பையனின் பழைய போனில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். முதல் படம் தெரிய மூன்று விநாடிக்கு மேலானால் படத்தை இன்னும் சுருக்குங்கள். புதுப் பக்கங்களைக் கூகுள் கண்டுபிடித்து வரிசையில் சேர்க்க வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். தை முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்த குடும்பங்கள் ஆவணியிலும் ஐப்பசியிலும் போட்டோக்காரரைத் தேட ஆரம்பிக்கும். ஆடியில் எழுதிய பக்கம் அதற்குள் அங்கே இருக்கும். புரட்டாசியில் நான்கு லேபிளையும் எண்ணி, முதல் வகுத்தலைப் போட்டுவிடலாம்.